இமைக்கும் புருவத்துக்கும் நடுவே

50 மில்லிமீட்டர் லென்ஸ், அப்பர்ச்சர் 1.4, ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முகம். ஃபிலிம் காலத்துக் கணக்குப்படி இந்த நிலையில் ஃபோகஸுக்குள் அடங்கும் ஆழம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர். இமையும் புருவமும் மூக்குத்தண்டும் அதற்குள் வந்துவிடும். அதே லென்ஸை 60 மெகாபிக்சல் கொண்ட லைக்கா எம்11 கேமராவில் மாட்டிப் படமெடுத்து, கணினித் திரையில் பிக்சலுக்குப் பிக்சல் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றரை சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், புருவம் கலங்கியிருக்கும். ஃபோகஸ் கொஞ்சம் பிசகினால் புருவம் பளிச்சென்று நிற்க, இமை மங்கிப்போகும்.

பழைய கணக்கு பொய்யில்லை. ஒரு புள்ளி ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டரின் 30-ல் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கினாலும், சாதாரண அளவு அச்சில் அது புள்ளியாகவே தெரியும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. லென்ஸ் குழலில் பொறித்திருக்கும் ஆழக் கோடுகளும் அதை நம்பிப் போட்டவைதான். ஆனால் எம்11-ன் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். ஃபிலிம் காலம் மன்னித்த அந்த மங்கல் வட்டத்துக்குள் இன்று ஏறக்குறைய 9 பிக்சல்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கோடுகளை நம்பி டிஜிட்டலில் தெருக்காட்சி எடுப்பவர்கள், கோட்டில் எழுதியிருப்பதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்துக்கொள்வது நல்லது. அப்பர்ச்சர் 8 வைத்திருந்தால் 4-க்கு உரிய கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம்தான் உங்களுக்குச் சொந்தம்.

எம்11 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? இந்தக் கேமரா லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. முன்பக்கம் இரண்டு கண்ணாடிச் சன்னல்கள். ஒன்றின் வழியாகக் காட்சி நேராக வருகிறது; இன்னொன்றின் வழியாக வரும் இரண்டாவது பிம்பம், பார்வைச் சட்டத்தின் நடுவில் உள்ள சிறு செவ்வகத்தில் விழுகிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்தப் பிம்பம் இடமும் வலமும் நகரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் ஃபோகஸ். லென்ஸின் பின்புறமுள்ள உலோக வளையம், கேமராவின் உள்ளே இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ளுகிறது. அந்த உருளையின் கை இரண்டாவது பிம்பத்தை நகர்த்துகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு. 1932-ல் வந்த லைக்கா II கேமராவிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுவே.

நில அளவைக்காரர் இரண்டு இடத்திலிருந்து கோணம் பிடித்துத் தூரம் கணிப்பதைப் போன்ற வேலை இது. இரண்டு சன்னல்களுக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ, அளவு அவ்வளவு துல்லியம். பார்வைச் சட்டம் காட்சியை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பதும் இதில் சேரும். 1954-ல் வந்த லைக்கா எம்3-ன் பார்வைச் சட்டம் காட்சியை 0.91 மடங்காகக் காட்டியது. சன்னல் இடைவெளியோடு பெருக்கினால் பயனுக்கு வரும் அடித்தளம் சுமார் 62 மில்லிமீட்டர். எம்11-ல் இந்த மடங்கு 0.73, அடித்தளம் சுமார் 50 மில்லிமீட்டர். அகலக் கோண லென்ஸ்களுக்கான சட்டக் கோடுகளும் உள்ளே தெரிய வேண்டும் என்பதற்காகப் பிற்காலக் கேமராக்களில் காட்சியைச் சிறிதாக்கினார்கள். ஆக, ஃபிலிமில் படமெடுத்த எம்3, தூரத்தை அளப்பதில் 60 மெகாபிக்சல் எம்11-ஐவிடத் துல்லியமானது. கேட்கும் துல்லியம் பல மடங்கு கூடியிருக்க, அளக்கும் கருவி குறுகியிருக்கிறது. இந்தக் கேமராக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மெகாபிக்சலைச் சொல்கிறார்கள், லென்ஸ் விலையைச் சொல்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் குறைவு.

ஃபிலிம் தன் குறையாலேயே பலரைக் காப்பாற்றியது. அது கொஞ்சம் வளையும், அதன் பசைப்படலத்துக்கென்று ஒரு கனம் உண்டு. நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் பிசகு அந்த வளைவிலும் மணிகளிலும் கரைந்துவிடும். சென்சார் கண்ணாடிபோல் தட்டை. உருளையின் கை இம்மியளவு தள்ளியிருந்தாலும், லென்ஸ் வளையம் சற்றுத் தேய்ந்திருந்தாலும் படத்தில் தெரியும். டிஜிட்டலுக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தங்கள் பழைய லென்ஸ் முன்னோ பின்னோ ஃபோகஸ் செய்வது தெரியவந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சில லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸே பின்னுக்கு நகரும். 1930-களின் சோனார் அமைப்பை ஒட்டி ஸைஸ் செய்த சி சோனார் 50 மில்லிமீட்டர் 1.5 லென்ஸ் இதற்குப் பேர்போனது. ரேஞ்ச்ஃபைண்டருக்கு அப்பர்ச்சரைப் பற்றி எதுவும் தெரியாது; அது எப்போதும் ஒரே தூரத்தைத்தான் சொல்லும். 1.5-ல் சரியாக விழும்படி லென்ஸை அமைத்தால் 2.8-ல் தவறும், 2.8-க்கு அமைத்தால் 1.5-ல் தவறும். லைக்காவின் 35 மில்லிமீட்டர் சுமிலக்ஸ் லென்ஸிலும் இந்தப் புகார் இருந்தது. 2010-ல் வந்த புதிய வடிவத்தில், தூரத்துக்கு ஏற்பத் தனியாக நகரும் கண்ணாடித் தொகுதியை வைத்து அதைப் பெருமளவு தீர்த்தார்கள்.

இனி சென்சாருக்கு வருவோம். முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர், 2004-ல் வந்த எப்சன் ஆர்-டி1. 6 மெகாபிக்சல். லைக்காவின் எம்8 2006-ல் வந்தது. கோடாக் செய்த 10.3 மெகாபிக்சல் சென்சார். அந்தக் காலத்து டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கும். ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் நான்காகப் பிளந்து பக்கத்துப் பிக்சல்களுக்கும் கொஞ்சம் பங்கிட்டுத் தரும் வேலை அதற்கு. சட்டைத் துணியின் நெசவு, தூரத்து ஓட்டுக்கூரை போன்ற நுண் வரிசைகள் பிக்சல் வரிசையோடு மோதி, இல்லாத வண்ணப் பட்டைகளை உண்டாக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அதற்கு விலையாகப் படம் முழுவதும் ஒரு மெல்லிய மங்கல் படியும். எம்8-ல் அந்த வடிகட்டியை லைக்கா வைக்கவே இல்லை. 10 மெகாபிக்சலில் அது காட்டிய நுணுக்கத்தைப் பார்த்து அன்று பலர் வியந்ததற்குக் காரணம் இதுவே. துணியில் எப்போதாவது வண்ணப் பட்டை விழுந்தால் மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாம். மங்கிப்போன நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. எம் லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வந்து நிற்கும். லென்ஸ் பொருந்தும் தளத்துக்கும் ஃபிலிம் தளத்துக்கும் இடைவெளி 27.8 மில்லிமீட்டர்தான். அதனால் ஓரங்களில் ஒளி மிகச் சாய்ந்து விழும். சென்சாரின் மேலுள்ள கண்ணாடி கனமாக இருந்தால் அந்தச் சாய்ந்த கதிர்கள் வழி விலகி, ஓரங்களெல்லாம் இழுபட்டுப்போகும். பழைய அகலக் கோண எம் லென்ஸ்களை வேறு நிறுவனங்களின் மிரர்லெஸ் கேமராக்களில் மாட்டியவர்களுக்கு அந்த ஓரக் குழைவு நன்றாகத் தெரியும். எம்8-ல் இதைத் தவிர்க்கக் கண்ணாடியை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிதாக்கினார்கள். மெலிதான கண்ணாடியால் அகச்சிவப்புக் கதிரைப் போதிய அளவு தடுக்க முடியவில்லை. செயற்கை இழைக் கறுப்புக் கோட்டுகள் படத்தில் கத்தரிப்பூ நிறமாக வந்தன. கல்யாணப் படம் எடுக்கிறவருக்கு இது சாதாரணக் குறையா? கடைசியில் லென்ஸின் முன்னால் மாட்டும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டிகள் இரண்டை எம்8 வாங்கியவர்களுக்கு லைக்கா இலவசமாகக் கொடுத்தது. ஓரத்து நுணுக்கத்துக்காக நிறத்தை விலையாகக் கொடுத்த கேமரா அது. முழுச் சட்ட சென்சாரோடு 2009-ல் வந்த எம்9-ல் கண்ணாடியைக் கொஞ்சம் கனமாக்கி இதைச் சரிசெய்தார்கள்.

நுணுக்கத்தின் உச்சம் என்று நான் நினைப்பது 2012 மே மாதம் பெர்லினில் வெளியிட்ட எம் மோனோக்ரோம். கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் கேமரா. வண்ண சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதோ ஒரு நிறத்தின் வடிகட்டி இருக்கும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு அது. 1976-ல் காப்புரிமை பெற்றது. ஒரு பிக்சல் தன் நிறத்தை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணினி ஊகிக்கிறது. அதாவது, ஒரு வண்ணப் படத்தின் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். மோனோக்ரோமில் அந்த வடிகட்டியே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளியைத்தான் சொல்லும். அதனால்தான் அதன் 18 மெகாபிக்சல், அதே அளவு கொண்ட எம்9-ஐவிட மயிரிழைகளைப் பிரித்துக் காட்டியது. அடிப்படை ஐஎஸ்ஓவும் 160-லிருந்து 320-க்கு உயர்ந்தது. ஒரு கண்டிப்பும் கூடவே வந்தது. வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன இடத்தை மீட்க, அதில் வேறு நிறத்தின் தகவல் மிச்சமிருக்காது. போனது போனதுதான்.

அதே நாளில்தான் லைக்காவில் பீட்டர் கார்பேயின் குழு வடிவமைத்த 50 மில்லிமீட்டர் ஏபிஓ-சுமிக்ரான் லென்ஸும் வந்தது. அந்த சென்சாருக்கு ஈடுகொடுக்கும் லென்ஸ். ஆனால் அதையும் அதே உருளையும் கையும்தான் ஃபோகஸ் செய்கின்றன.

மென்பொருளில் ஷார்ப்பன் செய்வதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது விளிம்பின் ஒரு பக்கத்தைக் கறுப்பாக்கி மறுபக்கத்தை வெளுப்பாக்குகிறது. நம் கண்ணுக்குக் கூர்மை கூடியதாகத் தோன்றும். லென்ஸ் பிடிக்காத ஓர் இழையைக்கூட அது புதிதாகக் கொண்டுவராது. ஒளிப்புள்ளியைப் பிளந்து மங்கலாக்கும் அந்த வடிகட்டி இல்லாத கேமராக்களின் கோப்புகளுக்கு மிகக் குறைவாகச் செய்தாலே போதும். அதிகமானால் மயிரெல்லாம் கம்பியாகிவிடும். அப்பர்ச்சரை 16 வரை மூடுவதும் கைகொடுக்காது. ஒளி விளிம்பில் வளைவதால் ஒரு புள்ளி அங்கே 21 மைக்ரானுக்குப் பரவும். எம்11-ல் அது ஐந்தாறு பிக்சல். கை நடுக்கமும் அப்படித்தான். 50 மில்லிமீட்டருக்கு 50-ல் ஒரு பங்கு விநாடி போதும் என்ற பழைய விதி இங்கே போதாது. 200-ல் ஒரு பங்கு வையுங்கள்.

திரையில் பார்த்து மனம் உடைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்11-ன் படம் 9,528 பிக்சல் அகலம். சாதாரண மானிட்டரில் அதைப் பிக்சலுக்குப் பிக்சல் பார்ப்பது, இரண்டரை மீட்டர் அகல அச்சின் முன்னால் மூக்கு முட்ட நின்று பார்ப்பதற்குச் சமம். 12 அங்குல அச்சில் பாருங்கள். நீங்கள் தூக்கிப்போட நினைத்த படங்களில் பாதி பிழைத்துக்கொள்ளும்.

அதற்குமேலும் சந்தேகமிருந்தால் சோதித்துவிடுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஓர் அளவுகோலை 45 பாகைச் சாய்வில் நிறுத்துங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கலைத்து மறுபடி பொருத்தி, பல படங்கள் எடுக்க வேண்டும். கூர்மை முன்னும் பின்னுமாக மாறி மாறி விழுந்தால் பிசகு உங்கள் கையில். எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாக விலகினால் கருவியில். பிறகு தூரத்துக் கோபுரம் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். லைக்கா எம் 240-லிருந்து வந்த பெரும்பாலான எம் கேமராக்களில் சென்சார் வழியாகவே பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி உண்டு. அதில் எடுத்ததோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகிவிடும். கருவிதான் விலகுகிறது என்றால், புது லென்ஸுக்குச் சேர்த்து வைத்த பணத்தைத் தொடாதீர்கள். இருக்கிற கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுத்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தி வாங்குங்கள்.

(தொடரும்)