மாற்று வழி

சென்னை மாநகரின் மேற்கே, பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது வானகரம். கிழக்கே மதுரவாயலும், மேற்கே வேலப்பன்சாவடியும், வடக்கே அம்பத்தூரும், தெற்கே போரூரும் அதற்கு அண்மையில் உள்ளன. இத்தகைய புறநகர் ஒன்றில் உள்ள வீட்டிற்கு வெளியிலிருந்து வரவேண்டியவை யாவை எனச் சென்ற தலைமுறையினரைக் கேட்டிருந்தால், குடிநீர், மின்சாரம், சமையல் எரிவாயு என்று மூன்றைக் கூறியிருப்பர். இந்நாளில் அவற்றோடு நான்காவதாக இணையமும் சேர்ந்துவிட்டது.

முதல் மூன்றும் தடைப்படும் நாளுக்கென மக்கள் முன்னரே ஏற்பாடு செய்துகொள்கின்றனர். நீரைத் தொட்டியில் நிரப்பி வைக்கின்றனர். மின்சாரத்தை இன்வெர்ட்டரின் மின்கலத்தில் சேர்த்து வைக்கின்றனர். எரிவாயு உருளையில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைக்கின்றனர். இணையத்தை எதில் சேர்த்து வைப்பது? அது சேர்த்து வைக்கக்கூடிய பொருளன்று. அது வரும் வழியை இரண்டாக்கிக்கொள்வது ஒன்றே செய்யத்தக்கது. அவ்வாறு இரண்டாவது வழியாக உதவும் சிறு கருவியே யூ.எஸ்.பி. மோடம். மக்கள் அதனை ‘டாங்கிள்’ என்றும் ‘டேட்டா கார்டு’ என்றும் வழங்குவர்.

இணையம் தடைப்பட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதல் இணைய வழியாக நடைபெறுகின்றது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளின் பட்டியலைக் குறித்த நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். அந்நாளின் மாலையில் வீட்டிலுள்ள இணைப்பு அறுந்துபோனால், பன்னிரண்டு ஆண்டுக் கல்வியின் பயன் ஊசலாடத் தொடங்கிவிடும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, இணையமே வகுப்பறையாயிற்று. இணைப்பு இல்லாத வீட்டுப் பிள்ளை வகுப்பின் வெளியே நிற்க நேர்ந்தது. அக்குறையை உணர்ந்த தமிழ்நாடு அரசு, 9 இலட்சத்து 69 ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு, 2021-ஆம் ஆண்டு சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு பெறும் அட்டைகளை இலவசமாக வழங்க முன்வந்தது. இணையம் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, வீட்டிற்கு இணையம் வரும் முதல் வழியைக் காண்போம். தலைமயிர் போல மெல்லிய கண்ணாடி இழையின் வழியே ஒளித்துடிப்புகளாகச் செய்திகள் வருகின்றன. வீட்டிலுள்ள பெட்டி ஒன்று அவ்வொளியை மின்குறிகளாக மாற்றிக் கணிப்பொறிக்குத் தருகின்றது. கண்ணாடி இழை விரைவில் நிகரற்றது. ஆயினும் அது செல்லும் பாதை எளியது. புறநகர்த் தெருக்களில் அவ்விழையைத் தாங்கிய கம்பிவடம் பெரும்பாலும் கம்பத்திற்குக் கம்பம் தொங்கிச் செல்கின்றது. மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்தால் அறுகின்றது. உயரமான சுமை ஏற்றிய லாரி உராய்ந்தால் அறுகின்றது. நிலத்தடியில் சென்றாலோ, கழிவுநீர்க் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டும் இயந்திரத்தின் பல்லில் சிக்கி அறுகின்றது.

2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் ‘வர்தா’ புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் காற்று வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்களும் அவற்றில் கட்டப்பட்டிருந்த வடங்களும் உடன் வீழ்ந்தன. பல இடங்களில் மின்சாரம் திரும்பவே சில நாட்கள் ஆயின. கம்பியை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் உலகத்தோடு கொண்ட தொடர்பை இழந்தன. வெளியூரில் வாழும் மக்கள் பெற்றோரின் நலம் அறியாது தவித்தனர்.

கம்பி இல்லாத வழி எவ்வாறு அமைந்தது? இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கியது. அந்நாளில் தொலைபேசிக் கம்பியே இணையத்திற்கும் வழி. கணிப்பொறியின் குறிகளைத் தொலைபேசிக் கம்பியில் செல்லத்தக்க ஒலிக்குறிகளாக மாற்றுவதும், வருவனவற்றை மீண்டும் கணிப்பொறிக்கு ஏற்ப மாற்றுவதும் ஒரு பெட்டியின் தொழில். ‘மாடுலேட்டர்’, ‘டிமாடுலேட்டர்’ என்னும் இரு சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்து அதற்கு ‘மோடம்’ எனப் பெயரிட்டனர். பின்னர்க் கைப்பேசிக் கோபுரங்கள் பெருகின. சென்னையில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை 2009-ஆம் ஆண்டு வந்தது. அக்காலத்தில் கைவிரல் அளவே உள்ள மோடங்கள் கடைகளில் பெருக விற்பனையாயின. அவற்றை விற்ற ‘டாட்டா ஃபோட்டான்’, ‘ரிலையன்ஸ் நெட்கனெக்ட்’ முதலிய பெயர்கள் இன்று வழக்கிழந்துவிட்டன. எனினும் நான்காம் தலைமுறைச் சேவைக்கு ஏற்ற அதே வகைக் கருவிகள் இன்றும் பயன்படுகின்றன.

இக்கருவியின் உள்ளே மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. ஒன்று, வாடிக்கையாளர் இன்னார் என்பதைக் கோபுரத்திற்கு அறிவிக்கும் சிம் அட்டை. மற்றொன்று, குறிகளை வானொலி அலைகளாகவும், அலைகளைக் குறிகளாகவும் மாற்றும் மோடம். மூன்றாவது, அவ்வலைகளை விடுக்கவும் ஏற்கவும் உதவும் சிறிய அலைவாங்கி. கருவியைக் கணிப்பொறியில் செருகியவுடன் அது அண்மையிலுள்ள கோபுரத்தைத் தேடுகின்றது. கோபுரம் சிம் அட்டையை ஆராய்ந்து இடம் தந்ததும் இணைப்பு உண்டாகின்றது. தெருக்கம்பத்தில் தொங்கும் வடம் அறுந்து கிடந்தாலும் அலை வானில் செல்வதால் அதற்குத் தடையில்லை.

இதற்கு வேண்டும் மின்சாரமும் மிகச் சிறிது. யூ.எஸ்.பி. இரண்டாம் பதிப்பைச் சார்ந்த செருகுவாய் 5 வோல்ட்டு அழுத்தத்தில் 500 மில்லி ஆம்பியர் வரை தரவல்லது. இரண்டையும் பெருக்கினால் 2.5 வாட் ஆகும். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு கொள்வதில் இது மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆதலின் மின்சாரம் இல்லாத வேளையிலும் மடிக்கணினியின் மின்கலமே இதனை இயக்கிவிடும்.

இவ்வளவு நன்மையுடைய கருவியை வாங்கி வைத்துவிட்டால் கவலை ஒழிந்தது என்று எண்ணுதல் தவறு. இரண்டாம் வழி எதுவாயினும் ஓர் உண்மையை மறத்தல் ஆகாது: முதல் வழி கெடும் காரணத்தாலேயே தானும் கெடுவது மாற்று வழி ஆகாது. கூவம் ஆற்றைக் கடக்க வேண்டிய ஊருக்கு இரண்டு சாலைகள் இருந்தும், அவ்விரண்டும் ஒரே பாலத்தில் வந்து சேருமானால், பாலம் மூழ்கும் நாளில் இரண்டு சாலைகளாலும் பயன் இல்லை அன்றோ?

உலகம் இப்பாடத்தைப் பெரிய அளவில் ஒருமுறை கற்றது. 2008-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள், எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே மத்தியதரைக் கடலடியில் சென்ற இரு பெரும் வடங்கள் அறுந்தன. வடங்கள் இரண்டு; அவற்றை இட்டவர்களும் வேறு வேறானவர்கள்; எனினும் இரண்டும் ஒரே கடற்பகுதி வழியே சென்றன. மேற்கு நாடுகளுடன் இந்தியா கொண்டிருந்த இணையத் தொடர்பு அன்று பெரிதும் குன்றியது. அப்பொழுது செய்திகளைக் கிழக்குத் திசையில் திருப்பிவிட்டுத் தொடர்பை ஓரளவு காத்தனர். சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ஆம் ஆண்டிலேயே வடம் ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது. கிழக்கே இத்தகைய வழிகள் திறந்திருந்தமையாலேயே நாடு முற்றும் தனித்துப் போகவில்லை.

வானகரத்து வீடு ஒன்றுக்கும் இதே நெறி பொருந்தும். கண்ணாடி இழை இணைப்பை ஒரு நிறுவனத்திடம் பெற்றவர், மோடத்தின் சிம் அட்டையை வேறொரு நிறுவனத்திடம் பெறுதல் நன்று. ஒரே நிறுவனமாயின், அதன் நடுநிலையத்தில் நேரும் பழுது இரண்டையும் ஒருங்கே வீழ்த்தக்கூடும். கோபுரத்திற்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் அது மின்கலத்தாலும் டீசல் இயந்திரத்தாலும் இயங்குகின்றது. டீசல் கொண்டுவரும் வண்டி வெள்ளத்தில் நின்றுவிட்டால் கோபுரமும் சிலமணி நேரத்தில் ஊமையாகிவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மக்கள் இதனையும் கண்டனர். ஆதலால் மோடம் கிடைத்த வேளையில் இன்றியமையாச் செய்தியை முதலில் அனுப்பிவிடுதல் அறிவுடைமை.

பேரிடர் நாளில் ஊரார் அனைவரும் ஒரே கோபுரத்தை நாடுவதால் நெரிசல் மிகுகின்றது, விரைவு குறைகின்றது. அன்றியும் பெறும் தரவிற்கு நாள்தோறும் எல்லை உண்டு. எனவே கணக்கறிந்து செலவிடல் வேண்டும். வினாடிக்கு 1 மெகாபிட் விரைவில் ஒளிப்படக்காட்சி ஒன்றை ஒரு மணி நேரம் பார்த்தால் 3,600 மெகாபிட், அதாவது 450 மெகாபைட் செலவாகும். வினாடிக்கு 64 கிலோபிட் போதுமான பேச்சொலியை அதே நேரம் கேட்டால் 28.8 மெகாபைட்டே செலவாகும். காட்சியை நீக்கி ஒலியை மட்டும் கேட்கும் மாணவர், ஒரு மணி நேரத் தரவில் பதினைந்து மணி நேரத்திற்கும் மேலாகப் பாடம் கேட்கலாம்.

வேறு சில முன்னேற்பாடுகளும் உள. கருவியை வீட்டின் பல இடங்களில் வைத்துப் பார்த்து, அலை மிகுந்து வரும் சன்னலோரத்தை முன்னரே அறிந்து வைத்தல் வேண்டும். கெட்டியான கான்கிரீட்டுச் சுவரும் இரும்புக் கதவும் அலையைக் குறைக்கும். ஒரு நீட்டிப்பு வடத்தால் மோடத்தைச் சன்னலருகே கொண்டுசென்றால் பயன் கூடும். நெடுநாள் ரீசார்ஜ் செய்யாது விட்ட சிம் அட்டையின் எண் நீக்கப்பட்டுவிடும். ஆதலின் திங்களுக்கு ஒருமுறையேனும் கருவியைச் செருகி, அது இயங்குகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். மேசை அறையில் மறந்து கிடக்கும் மோடம், திரியும் எண்ணெயும் இல்லாத விளக்கை ஒக்கும்.

இணையம் நின்றவுடன் மோடத்தைத் தேடுவதற்கு முன் காரணத்தை ஆராய்தலும் தேவை. மின்சாரம் மட்டும் நின்றிருந்தால், இணையப் பெட்டியை இன்வெர்ட்டரில் இணைப்பதே பலமுறை போதுமானது. பெட்டிக்கு மின்சாரம் வந்தும் அதன் சிவப்பு விளக்கு எரியுமாயின், வெளியே வடம் அறுந்திருக்கக்கூடும். அப்பொழுதே இரண்டாம் வழிக்கு வேலை.

இந்நாளில் கைப்பேசியே ‘ஹாட்ஸ்பாட்’ என்னும் முறையால் மோடத்தின் தொழிலைச் செய்கின்றது. ஆயினும் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும். அழைப்புக்கு உரிய கருவியும் அதுவே. வீட்டிற்கெனத் தனியே ஒரு மோடம் இருப்பின், கைப்பேசியை உயிர்காக்கும் அழைப்பிற்காகக் காத்து வைக்கலாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. இனி வேறு கருவிகளும் வரலாம். கருவிகள் மாறினும் நெறி மாறாது.

வெள்ளம் வருமுன் அணை போடுவது பழந்தமிழர் அறிந்த அறிவு. இரண்டாம் வழியை வெயிற்காலத்தில் அமைத்துக்கொண்ட வீடு, மழைக்காலத்தில் தான் மட்டும் பயன்பெறுவதோடு நில்லாது, அடுத்த வீட்டு முதியவரின் நலச்செய்தியை அவர் மகனுக்கு அனுப்பவும், எதிர்வீட்டு மாணவியின் விண்ணப்பத்தை உரிய நேரத்தில் சேர்ப்பிக்கவும் உதவும். விரல் அளவுள்ள கருவி ஒரு தெருவிற்கே துணையாவது அவ்வாறுதான்.