புகையூட்ட எந்த விறகு?

ஓர் ஆட்டை அடித்தால் இறைச்சி முழுவதையும் அன்றைக்கே தின்று முடிக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மிச்சம் அடுத்த நாளே பழுதாகிவிடும். இதனாற்றான் வன்னியில் எமது பெரியவர்கள் இறைச்சிக்கு உப்பிட்டு, கம்பியில் கோர்த்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு வத்தலாக்கினார்கள். இடம்பெயர்ந்து முகாம்களிலும் பிறர் வளவுகளிலும் வாழ்ந்த ஆண்டுகளில் இப்பழக்கம் பல குடும்பங்களில் விட்டுப்போயிற்று. அதை மீண்டும் தொடங்குவோர் விறகிலும் கவனம் வைக்கவேண்டும்.

முதலில் ஒன்றை மனதிற் கொள்ளுங்கள். இறைச்சியைக் காப்பது புகை மட்டுமல்ல. உப்பும் காய்தலுமே பெரும்பங்கைச் செய்கின்றன. நோயுற்ற மிருகத்தின் இறைச்சியை எந்தப் புகையும் நல்லதாக்காது.

பழமரம் ஏன்?

விறகு கொழுந்துவிட்டு எரியாமல் மெதுவாகக் கனலும்போது, மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருளிலிருந்து பீனோல் சேர்வைகள் புகையோடு வெளிவருகின்றன. இவையே மணத்தைக் கொடுத்து, கிருமிகளின் வளர்ச்சியையும் தடுக்கின்றன. பழமரங்களிற் பல பிசின் குறைந்த வன்மரங்கள். ஆகவே அவற்றின் கனல் நெடுநேரம் நிற்கும், புகையும் கசக்காது.

கொய்யா இவற்றுள் மிகச் சிறந்தது. தோடை, தேசி ஆகியவற்றின் கொப்புகள் மென்மையான மணம் தரும். புளி கடும் சூடு கொடுப்பதால் அடிக்கனலுக்கு ஏற்றது. மா, பலா இரண்டிலும் பால் உண்டு; அது முற்றாக வற்றும்வரை காயவிட்ட பின்பே பயன்படுத்தவேண்டும். பழமரக் கொப்பு கிடைக்காதவர்கள் காய்ந்த தேங்காய்ப் பொச்சையும் சிரட்டையையும் பாவிக்கலாம்.

எந்த விறகானாலும் பட்டையை உரித்து, பிளந்து, மழை படாத இடத்தில் சில மாதங்கள் அடுக்கிவையுங்கள். பச்சை விறகின் தடித்த வெண்புகை இறைச்சியில் கசப்பையும் கரியையும் படியவைக்கும்.

ஆகாதவை

அலரி விறகின் புகையும் நஞ்சு. தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். வேம்பின் புகை கசக்கும். மரமுந்திரிகைக் கொட்டையின் கோதில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால் அதை நெருப்பில் இடவேண்டாம்.

போர் விட்டுச்சென்ற மரங்களில் இன்னும் கவனம் தேவை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றபின், தண்டவாளச் சிலிப்பர் கட்டைகள் பல பதுங்குகுழிகளுக்குப் போயின. தாரெண்ணெய் ஊட்டிய கட்டைகள், வெடிபொருட் பெட்டிப் பலகைகள், பெயின்ற் பூசிய கதவு யன்னல்கள் ஆகியவற்றை எரித்தால் நச்சு இறைச்சியிற் படியும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணிக்குள் விறகுக்காக ஒருபோதும் இறங்காதீர்கள்.

செய்யும் முறை

இறைச்சியின் கொழுப்பை நீக்கி, விரற் தடிப்பில் நீளமாக வெட்டுங்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 100 கிராம் உப்பைப் பிசறி ஓர் இரவு மூடிவைத்து, அலசி, ஈ மொய்க்காமல் நீர் வடியவிடுங்கள். பின்னர் வீட்டுக்கு வெளியே, கனலிலிருந்து போதிய உயரத்திற் தொங்கவிடுங்கள். கொழுப்பு நெருப்பில் ஒழுகினால் எழும் கரும்புகையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் உண்டு. மூடிய குசினிக்குள் புகையூட்டுவது பெண்களின், குழந்தைகளின் நெஞ்சுக்குக் கேடு.

வளைக்கும்போது வெடித்தும் ஒடியாமலும் இருந்தால் பதம் சரி. காற்றோட்டமான இடத்தில் வைத்து, அடிக்கடி பாருங்கள். பூஞ்சணமோ கெட்ட மணமோ கண்டால் எறிந்துவிடுங்கள். உண்ணுமுன் நன்றாக வேகவையுங்கள்.

மரத்தைத் தறிக்கவேண்டாம்

முற்றுகைப் போரிற்கூடப் பழமரங்களை வெட்டக்கூடாதென்று உபாகமம் 20ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எமது மண்ணில் போர் எத்தனையோ தோப்புகளை அழித்துவிட்டது. தப்பி நிற்கும் மரத்தை விறகுக்காக நாமே தறிக்கலாமா? பலாவைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியும் வேண்டும்.

பட்டுப்போன கொப்புகளும், காய்த்து முடிந்தபின் கவ்வாத்துப் பண்ணும்போது விழும் தடிகளும் ஒரு குடும்பத்தின் தேவைக்குப் போதும். கொய்யாவைக் கவ்வாத்துப் பண்ணினால் புதுத் தளிர் விட்டு, அத்தளிரிலேயே பூக்கும். வளவில் ஒரு கொய்யாவும் ஒரு தேசியும் நட்டுவைப்பவருக்குப் பிள்ளைகளுக்குப் பழமும் புகைக்கு விறகும் ஒரே மரத்திலிருந்து கிடைக்கும்.