எல்லைப்புறப் பயணமும் அதன் இடர்களும்

காணாத நாட்டைக் காண விழைதல் மக்கட்கு இயல்பு. அவ்விழைவே மனிதரைக் கடல் கடக்கவும் மலை ஏறவும் தூண்டியது. ஆயினும், பகை மூண்ட எல்லைகளை நாடும் பயணம் பிற பயணங்களைப் போன்றதன்று. மலையேறுவோன் தனக்கு நேரக்கூடிய இடரைக் கண்ணெதிரே காண்கின்றான். எல்லையோரம் செல்வோனுக்கோ அது புலனாவதில்லை.

2009 ஜூலையில் ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் அகமது அவா அருவியைக் காணச் சென்ற அமெரிக்கர் மூவர், அப்பாலுள்ள மலைவழியே நடந்து ஈரான் எல்லையை அடைந்தபோது சிறைப்பிடிக்கப்பட்டனர். ஒருவர் 2010 செப்டெம்பரில் விடுதலை பெற்றார். ஏனைய இருவரும் ஒற்றரெனத் தீர்க்கப்பட்டு எட்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2011 செப்டெம்பரிலேயே விடுவிக்கப்பட்டனர். தாம் அறிந்து எல்லை கடக்கவில்லை என்று அவர்கள் கூறியது அங்கு எடுபடவில்லை.

இலங்கைக்கு அயல்நாட்டு நிலவெல்லை இல்லை. எனினும், வன்னி மக்கள் நாட்டினுள்ளேயே எல்லையைக் கண்டவர்கள். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் யாழ்ப்பாணம்–கண்டி வீதி திறக்கப்பட்டபோது, தெற்கே ஓமந்தையும் வடக்கே முகமாலையும் வன்னியின் இரு வாயில்களாயின. 2006 ஓகத்தில் முகமாலையிற் போர் மூள, அவ்வழி மீண்டும் அடைபட்டது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. மண்ணுள் புதைத்தவையோ உடன் நீங்கவில்லை.

அமைதி வந்தபின் தென்னிலங்கையிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் ஆனையிறவு முதலிய இடங்களைக் காணப் பலர் வந்தனர். பலர் நடமாடும் வீதியில் அச்சமில்லை. வீதியை விட்டுப் பற்றைக்காட்டினுள் இறங்கும் ஆர்வமே ஆபத்தை அழைப்பது. மிதிவெடி, மனித நிறையின் சிறு பகுதி அழுத்தினாலே வெடிக்கும். அதன் பிளாஸ்டிக் உறை பல்லாண்டு மக்காது கிடக்கும். புல் அதனை மூடும். மாரிவெள்ளம் இடம் பெயர்க்கவுங் கூடும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. ஆயினும், ஏலவே புதைத்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அகற்றுதலே வழி.

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கே, பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற ஊர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயணி ஒரு நாள் வந்து மீள்வான். ஊரவரோ போரில் இடம்பெயர்ந்து, பின் திரும்பி வந்தவர்கள். வயலுக்கும் விறகிற்கும் மாடு மேய்த்தற்கும் நாள்தோறும் அந்நிலத்திலேயே நடப்பவர்கள். தடைப்பட்ட நிலத்திற் பயணி பதித்த காலடி, அவ்வழி வரும் சிறுவனுக்கு, 'இது நடக்கத் தகுந்த பாதை' என்னும் பொய்யுறுதியை அளிக்கும். அவன் அடிபட்டு வீழின், மீட்கச் செல்வோரும் அதே மண்ணையே மிதிக்க வேண்டும். ஆகவே துணிவு ஒருவனுடையதாயினும் இடர் பலருக்கும் உரியதாகின்றது.

ஊரவரைக் கேட்டு நடத்தல், மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கடவாமை, அறியாப் பொருளைத் தொடாமை, ஐயம் எழின் நின்ற இடத்திலேயே நின்று உதவி கோரல் ஆகிய இவையே பயணிக்கு அரண். பிறர் உயிரையும் தன்னுயிர்போல் எண்ணி எடுத்து வைக்கும் அடியே உண்மைத் துணிவாகும்.