குறட்டைக்குப் பின்னால்

"வாப்பாட குறட்டை பியர் வரைக்கும் கேக்கும்" என்று சொல்லி நாங்கள் சிரிப்போம். கடலுக்குப் போய்க் களைத்து வருபவர் குறட்டை விடுவது இயல்புதான் என்று நினைத்திருந்தோம். ஆனால் சில வேளைகளில் அந்தச் சத்தம் திடீரென நின்றுவிடும். மூச்சே இராது. பிறகு திணறலுடன் மீண்டும் தொடங்கும்.

அது 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோயின் அறிகுறி என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. குறைந்தது 10 விநாடிகளுக்கு மூச்சு தடைப்படுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை உடலை உசுப்பி மூச்சை மீட்கிறது. மணித்தியாலத்துக்கு 30 தடவைக்கு மேல் இவ்வாறு நடந்தால் நோய் கடுமையானது. காலையில் இது பெரும்பாலும் நோயாளிக்கு நினைவிருக்காது.

நாம் பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் நினைவில் பதிக்கிறது. தூக்கம் துண்டு துண்டானால் மறதியும் கவனக்குறைவும் வரும். உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியும் சோர்ந்துபோவதால் எரிச்சலும் மனச்சோர்வும் கூடும்.

வாப்பாவும் அப்படித்தான் மாறினார். வலைக்கு வைத்த காசை எங்கே வைத்தார் என்பதை மறந்தார். சின்ன விடயத்துக்கும் சினந்தார். "வாப்பாக்கு எங்கள்ல இரக்கமில்ல" என்று நான் அழுதிருக்கிறேன். ஒருநாள் படகு எஞ்சினைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டதாகக் கூட வந்தவர் சொன்னபோது உம்மா பயந்துபோனார். மறுநாளே வைத்தியரிடம் போனோம். இரவில் நாங்கள் கண்டதை உம்மாதான் அவரிடம் விளக்கினார். தூக்கப் பரிசோதனையில் நோய் உறுதியானது.

முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும் சிகிச்சையை, 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் உலகுக்கு அறிவித்தார். அத்தகைய கருவியைத்தான் வாப்பா இப்போது பாவிக்கிறார். மறதி முற்றாகப் போகவில்லை. ஆனால் கோபம் குறைந்துவிட்டது.

பெற்றோரே, இந்நோய் பிள்ளைகளுக்கும் வரும். டொன்சில் வீக்கம் அதற்கு ஒரு முக்கிய காரணம். இரவில் குறட்டை விட்டு, வகுப்பில் கவனமின்றி இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குறட்டை விடுபவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பதை அருகில் படுப்பவரால்தான் காண முடியும். நாங்கள் பல வருடங்களாகக் கேட்டும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.