பழுப்புத் தலை எங்கே போயிற்று?

மார்கழி, தை மாதங்களில் தனுஷ்கோடிக்கோ கோடியக்கரைக்கோ சென்றால், மீன் படகுகளைச் சுற்றிக் கூச்சலிட்டுப் பறக்கும் வெண்ணிறப் பறவைகளைக் காணலாம். இவையே கடற்காகங்கள். பெயரில்தான் காகம், காக்கை இனத்துக்கும் இவற்றுக்கும் உறவில்லை. இவற்றில் ஒன்று பழுப்புத்தலைக் கடற்காகம். ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பழுப்புத் தலை தென்படாது! ஏன்?

இப்பறவை இனப்பெருக்கம் செய்வது லடாக், திபெத் பீடபூமிகளின் ஏரிகளில். லடாக்கின் சோ மொரீரி ஏரி சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையில் அங்கு குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் தலை பழுப்பாக இருக்கும். ஏரிகள் உறையும் குளிர்காலத்தில் பறவை தெற்கே வந்துவிடும். அதற்குள் பழுப்பு இறகுகள் உதிர்ந்து, வெள்ளை இறகுகள் முளைத்துவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சும்.

சிக்கல் இங்கேதான். கருந்தலைக் கடற்காகமும் இதே பருவத்தில் வருகிறது. அதற்கும் அப்போது வெள்ளைத் தலை, அதே கரும்புள்ளி! எப்படிப் பிரித்தறிவது? தலையை விட்டுவிட்டுச் சிறகைப் பாருங்கள். பழுப்புத்தலையின் சிறகு நுனி அகன்ற கறுப்பு; அதில் வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடும். கருந்தலைக்கோ வெளிச்சிறகின் முன்விளிம்பு வெண்மை. கறுப்பு மெல்லிய ஓரமாக மட்டும் இருக்கும். தரையில் நின்றால் கண்ணைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலையின் கண் வெளிறியது. மற்றதன் கண் கருமை.

வால் நுனியில் கறுப்புப் பட்டை இருந்தால் அது இளம் பறவை. இளம் பழுப்புத்தலைக்கு வெள்ளைத் திட்டும் வெளிறிய கண்ணும் இரா. சிறகு நுனியின் அகன்ற கறுப்பே அதைக் காட்டிக்கொடுக்கும்.

கிழக்குக் கடற்கரையில் மாலை நேரமே கவனிக்க ஏற்றது. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். மணலில் இளைப்பாறும் கூட்டத்தை நோக்கி ஓடாதீர்கள். விரட்டப்பட்டு எழும் ஒவ்வொரு முறையும், திரும்பும் நெடும்பயணத்துக்காகப் பறவை சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. பறவைகள் தலை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

தேதி, இடம், எண்ணிக்கை, கண்ட அடையாளங்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த இனம் என்று உறுதியில்லையேல் "கடற்காகம்" என்று மட்டும் எழுதுங்கள். தவறான பெயரைவிட அதுவே அறிவியலுக்குப் பயன்படும். மார்ச் மாதம் மீண்டும் சென்று பாருங்கள். சில தலைகளில் பழுப்பு படரத் தொடங்கியிருந்தால், அவை மலையேறத் தயாராகின்றன என்று பொருள்!