தாமரைக் கொடிக்குள் துப்பாக்கி

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ் அக்குறணையைத் தாண்டி அலவத்துகொடவுக்கு வரும். வழியெல்லாம் விகாரைகள், பள்ளிவாசல்கள், சிறு கோயில்கள். இந்தப் பாதை போய்ச் சேரும் மாத்தளையில், ஆஸ்பத்திரி வளவில், 2012 நவம்பரில் கட்டட வேலைக்காக மண் தோண்டியபோது எலும்புகள் கிளம்பின. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். அவை மிகப் பழையவை என்றது அரச ஆணைக்குழு. 1980களின் கடைசியில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. கண்டிக்கு மறுபக்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ, 1989இல் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்ட சாவுகளை ஓர் ஓவியர் எப்படி வரைவார்? சந்திரகுப்த தேனுவர பூ வரைகிறார்.

அவருடைய கோட்டோவியங்களை எட்ட நின்று பார்த்தால் விகாரைச் சுவர் அலங்காரம் போலவே இருக்கும். தாமரை, தாதுகோபுரம், வளைந்து வளைந்து ஓடும் கொடி. கிட்டப் போனால்தான் கொடியோடு கொடியாக முள்ளுக்கம்பியும் துப்பாக்கியும் மனித உடல்களும் பின்னிக் கிடப்பது தெரியும். அழகில் மயங்கி அருகே போன கண், அங்கிருந்து தப்ப முடியாமல் நிற்கிறது.

இந்தக் கொடிவேலை கண்டி மண்ணுக்குப் பழக்கமானது. கண்டிக்கு அருகே தெகல்தொருவ குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் விதானம் நிறைய, புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படையைத் தீட்டியிருக்கிறார்கள். ஆயுதமும் கோர முகங்களும் நெருக்கியடிக்க, நடுவில் புத்தர் அசையாமல் இருப்பார். அங்கே மாரன் தோற்றுப்போகிறான். தேனுவரவின் தாளில் அந்த வெற்றி கிடையாது. அவர் பொய் ஆறுதல் சொல்ல மறுப்பதாகவே அதைக் கொள்ள வேண்டும்.

1960இல் காலியில் பிறந்து, மொஸ்கோவில் ஓவியம் படித்துத் திரும்பியவர் அவர். வீதித் தடைகளில் நின்ற தார்ப் பீப்பாக்களையே கலைப்பொருளாக்கி, 1997இல் ‘பரலிஸம்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார். அன்று தொடங்கி ஆண்டுதோறும் ஜூலை 23இல் கண்காட்சி திறப்பது அவர் வழக்கம். 1983 கறுப்பு ஜூலையில் கொல்லப்பட்ட தமிழர்களை ஒரு சிங்களக் கலைஞர் விடாமல் நினைவுகூர்வது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சீதுவ ரத்தொலுவச் சந்தியில் காணாமலாக்கப்பட்டோருக்காக 2000ஆம் ஆண்டில் எழுந்த நினைவுச்சின்னமும் அவர் வடிவமைத்ததே. சுவரில் வரிசையாக முகங்கள். ஒவ்வோர் ஒக்டோபர் 27இலும் குடும்பத்தார் வந்து பூ வைத்து விளக்கேற்றுகிறார்கள். உடல் கிடைக்காத வீட்டில் தானம் கொடுப்பதா, இன்னும் காத்திருப்பதா என்று தவிக்கும் தாய்க்கு, போய் நிற்க ஓர் இடமாவது வேண்டுமே!

அப்படி ஓர் இடம் இல்லாத காலத்தில் அந்தத் தாய்மார் தெய்வங்களிடம் போனார்கள். 1992 ஜூன் 23, அன்றைய ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாள். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் சேர்ந்த அன்னையர் முன்னணியின் சிங்களப் பெண்கள் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் நாசமாகட்டும் என்று சபித்தார்கள். பௌத்தத் தாய்மார், தமிழர் கும்பிடும் காளியிடம் நீதி கேட்டார்கள்.