தொண்ணூறு வயதிலும் தசை பருக்கும்: பாரம் தூக்கும்போது உடலுக்குள் நடப்பது என்ன?

செல்லடியில் கால் உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களுக்குத் தெரியும்: எலும்பு பொருந்தி எழும்பும்போது தொடை வற்றியிருக்கும். இனி இந்தக் காலுக்குப் பலம் வராது என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விடத் தேவையில்லை.

தசை என்பது நூல் போன்ற நார்களின் கட்டு. ஒவ்வொரு நாரும் ஒரு கலம். ஆனால் அதற்குள் ஒன்றல்ல, பல கருக்கள் உண்டு. புதிய நார்கள் உருவாவதால் அல்ல, பெரும்பாலும் இருக்கிற நார்கள் தடிப்பதால்தான் தசை பருக்கிறது.

தசை கிழிந்து ஒட்டுவதால்தான் வளர்கிறது என்று ஜிம்மில் சொல்வார்கள். அது முழுவதும் சரியல்ல. முக்கியமானது இழுவிசை. பாரத்தை எதிர்த்துச் சுருங்கும்போது ஏற்படும் இழுவையை நார் உணர்ந்து இரசாயனச் சமிக்ஞையாக மாற்றுகிறது. அது எம்டோர் என்ற புரதத்தைத் தூண்டுகிறது. வீடு கட்டும் இடத்து மேற்பார்வையாளர் போன்றது எம்டோர். றைபோசோம்கள் மேசன்மார், அமினோ அமிலங்கள் கல். அக்ரின், மயோசின் என்ற சுருங்கும் புரதங்கள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. ஒருநாள் பயிற்சிக்குப் பிறகு இந்த வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். கல் இல்லாவிட்டால் மேசன் சும்மாதான் இருப்பார். ஆகவே மீன், முட்டை, பருப்பு, பயறு கட்டாயம்.

நாரின் ஓரத்தில் துணைக் கலங்கள் உறங்கிக் கிடக்கின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ இவற்றைத் தவளைத் தசையில் கண்டார். பயிற்சி அவற்றை எழுப்பும். அவை பெருகி நாரோடு இணைந்து தங்கள் கருக்களைக் கொடுக்கின்றன.

வயது போனவர்களுக்கும் இது பொருந்துமா? 1990இல் பொஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் சராசரி 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கால்ப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த ஒன்பது பேரின் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 வீதம்தான் கூடியது. இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் நரம்பு: கூடுதல் நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க அது முதலில் பழகிக்கொள்கிறது. எனவே முதல் வாரங்களில் கால் பருக்கவில்லையே என்று நிறுத்திவிட வேண்டாம்.

நரம்பு முற்றாக அறுந்த தசைக்கு இந்த வழி சரிவராது. கட்டளை வராமல் அது சுருங்காது. செயற்கைக் கால் போடுபவர்களுக்கு மிஞ்சிய தொடையும் இடுப்பும்தான் நடையைத் தாங்குகின்றன, அவற்றுக்குப் பயிற்சி அவசியம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ பாரம், அதோடு தொடங்கலாம். உடம்பில் செல் துண்டு உள்ளவர்களும் இருதய நோயாளரும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.